வெண்கலாத்தாளுக்கு நிறைமாதம்

செம்மேட்டுப்புதூர் பால் சொசைட்டி வாசலில் நின்ற வெண்கல எருமை சினையாக இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னவள் மயிலாத்தாள். அதையும் அவள் பெரிய அதிசயத்தைக் கண்டவள் மாதிரி சொல்லவில்லை. காலையில் பாலை ஊற்றிவிட்டு வெறுங்கேனோடு வெளியே வந்தவள், சிலையைத் தாண்டி நாலடி போய், நின்று, திரும்பி வந்து, அதன் வலது விலாவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்து, "இதென்னுங், இது செனையாட்டல்ல இருக்குது" என்று வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த ஞாபகத்தில் வேகமாக வீட்டுக்குப் போய்விட்டாள். வரிசையில் நின்றவர்களும் வாயைப் பிளக்கவில்லை. மாட்டோடும் கன்றோடும் எழுந்து மாட்டோடும் கன்றோடும் படுக்கிற சனம் அது. ஒவ்வொருவராக வந்து விலாவில் கை வைத்தார்கள், ஆமாம் என்றார்கள், மூன்று மாதம் இருக்கும் என்றார் ஒருவர், நாலு என்றார் இன்னொருவர், அதற்குள் பால் அளக்கிறவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டதால் பேச்சு பருத்திக்கொட்டை விலைக்குத் திரும்பிவிட்டது.

அந்த எருமையைச் செய்தவள் சம்பூரணம். கோயமுத்தூரில் மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றுகிற ஒரு பவுண்டரியின் பின்பக்கக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, பல வருஷமாக மனிதத் தலைகளைச் செய்துகொண்டிருந்தவள்: மில் முதலாளிகள், கல்லூரி நிறுவனர்கள், யார் யாருடைய காலமான அப்பாக்களோ. பிள்ளைகள் வந்து மெழுகு உருவத்தைப் பார்த்து, அப்பாவுக்கு இவ்வளவு தாடைச்சதை வேண்டாம் என்பார்கள், குறைப்பாள். முடி இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்பார்கள், முளைக்க வைப்பாள். சிரிக்கிற மாதிரி வேண்டும் என்பார்கள், ஆயுசுக்கும் சிரித்தறியாத மனுஷனையும் சிரிக்க வைத்து லாரியில் ஏற்றி அனுப்புவாள். மெழுகுக்கு மறுத்துப் பேசத் தெரியாது. அவளுக்கும் அந்தப் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. வாங்குகிறவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள், அவளுக்குத்தான் தன் கை மேல் இருந்த மதிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் சொசைட்டிக்காரர்கள் பொன்விழாவுக்கென்று ஒரு பசுமாடு கேட்டு வந்தார்கள். பால் பாக்கெட்டில் இருக்கிற மாதிரி வெள்ளையாக, லட்சணமாக, கழுத்தில் மணியோடு வேண்டும் என்றார் தலைவர் தெய்வசிகாமணி. மாட்டைப் பார்க்கலாம் என்று ஊருக்கு வந்த சம்பூரணம் ஒரு காலைப்பொழுது முழுக்க வாசலில் நின்று பார்த்தாள். வந்த பாலெல்லாம் எருமைப் பால். ஊருக்குள் திரும்பின பக்கமெல்லாம் எருமை. பாக்கெட்டில் மட்டும் யாரும் எங்கும் பார்த்திராத ஒரு வெள்ளைப் பசு சிரித்துக்கொண்டிருந்தது. "எருமைன்னா செய்யறேன், இல்லீன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று அவள் சொன்னபோது, சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கமிட்டி கூடி, எருமை என்றால் ஊர் சிரிக்குமே என்று வெகுநேரம் பேசி, மத்தியானச் சாப்பாட்டில் எருமைத் தயிரைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே எதிர்ப்பதற்கு யாருக்கும் வாய் வராமல், சரி என்று முடித்தது.

சம்பூரணம் மயிலாத்தாளின் மாட்டுக்கொட்டகையிலேயே பழியாகக் கிடந்தாள். அங்கே ராசாத்தி என்று ஒரு எருமை, கழுத்தில் மடிப்பு மடிப்பாகத் தோல் தொங்க, உலகத்தில் நடப்பது எதுவும் தன்னைக் கேட்டு நடக்கவில்லை என்கிற முகத்தோடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைப் படம் வரையவில்லை, நாடா பிடித்து அளக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொம்பிலிருந்து குளம்பு வரைக்கும் கையால் தடவினாள், விலாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அதன் மூச்சுக்குத் தன் மூச்சைப் பொருத்திப் பார்த்தாள், அது படுத்தால் படுத்தாள், எழுந்தால் எழுந்தாள், சாணமும் தண்ணீரும் தெறித்துப் புடவை ஒரு நிறமாகப் போயிற்று. "ஏன் கண்ணு, கட்டிக்கப் போறவனைக்கூட ஒருத்தி இத்தனை பாக்க மாட்டா" என்று மயிலாத்தாள் கேலி செய்தாள். கோயமுத்தூர்க் கொட்டகைக்குத் திரும்பி, தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் காய்ச்சி உருட்டத் தொடங்கியபோது, விரல்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இடுப்பெலும்பு தோலை முட்டுகிற இடம், பால்நரம்பு வளைந்து ஓடுகிற ஓட்டம், வாலுக்கடியில் தோல் மெலிந்து சுருங்கியிருக்கிற மென்மை, எதையும் அவள் தேட வேண்டியிருக்கவில்லை, எதையும் யாரும் கேட்டபடி மாற்றவும் இல்லை. பல வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான் அவள் வேலை செய்யும்போது பாடினாள்.

மெழுகு எருமையைப் பார்க்க வந்த தெய்வசிகாமணி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங் அம்மிணி, எல்லாமே பிரமாதமுங். கண்ணு, காது, கொம்பு, ஒண்ணு சொல்றாப்பல இல்லீங். ஆனா..."

"சொல்லுங்க."

"பின்னாலதானுங் கொஞ்சம்..."

"பின்னால என்னங்க?"

"பொம்பளைப் புள்ளைக வந்து போற எடமுங். மந்திரி வேற வந்து தொறக்கறாருங். அந்த வாலை அப்பிடியே கீழ எறக்கி உட்டு, அதை ஒரு மாதிரியா நெரவி உட்டுட்டீங்கன்னா..."

இதைச் சொன்னவர் முழங்கை வரை கையை விட்டு எத்தனையோ கன்றுகளை இழுத்துப் போட்டவர். அவருடைய சொசைட்டிக்கு வந்து போகிற பெண்பிள்ளைகளும் அதைப் போலவே இழுத்துப் போட்டவர்கள்தான். ஆனாலும் மாட்டுக்கொட்டகையில் இருக்கிற வரைக்கும் ஒன்றாகவும் மேடை ஏறிவிட்டால் வேறொன்றாகவும் தெரிகிற கண் நம்முடையது, அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? சம்பூரணம் வாதாடியிருக்கலாம். எருமை வேண்டும் என்பதற்கே இருந்த தைரியத்தையெல்லாம் செலவழித்துவிட்டவள், பழைய பழக்கத்தில், கத்தியை விளக்கில் காட்டிச் சூடாக்கி, வாலுக்கடியில் வழித்துச் சமமாக்கி, கட்டைவிரலால் நிரவி, வாலை இறக்கி ஒட்டிவிட்டாள். மெழுகு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு எல்லாம் வழக்கம்போல. வண்டல் மண் பூசி, காயவைத்து, நெருப்பில் சுட்டு, மெழுகு உருகி ஓடி, அது விட்டுப்போன இடத்தில் உருகிய வெண்கலம் இறங்கி, மண்ணை உடைத்தபோது எருமை நின்றது. உள்ளே வெறுமையாக வருவதற்காக வயிற்றுக்குள் வைத்திருந்த மண்ணை அடிவயிற்றில் கை நுழைகிற ஓட்டை வழியாகச் சுரண்டி எடுத்து, ஓட்டையைப் பற்றவைத்து மூடியவர் பவுண்டரியில் வார்ப்பு ஊற்றும் ஆரோக்கியம். மந்திரி வந்து திரையை இழுத்தார், ஊர் கைதட்டியது, அன்று சாயங்காலமே எருமைகள் வந்து அதில் உடம்பைச் சொறிந்துகொண்டன.

சினைச் செய்தி கோயமுத்தூருக்கு எட்டியதும் சம்பூரணமும் ஆரோக்கியமும் பஸ் ஏறி வந்தார்கள். ஆரோக்கியம் பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்தார். வார்ப்புக்குள் பொத்தல் இருக்கிறதா என்று தட்டிக் கேட்டே சொல்லிவிடுகிற காது அவருக்கு. நெற்றியில் தட்டினார், மணி மாதிரி கேட்டது. புட்டத்தில் தட்டினார், மணி மாதிரி கேட்டது. வலது விலாவில் தட்டியபோது நிறைகுடத்தைத் தட்டின மாதிரி தொப்பென்று கேட்டது. கேட்டு அடங்கின கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வந்தது.

"கடைசிக் கைப்பிடி மண்ணு வரைக்கும் நாந்தான் சொரண்டுனேன் அம்மிணி" என்றார் ஆரோக்கியம், சுத்தியலைப் பைக்குள் வைத்தபடி. "இது நம்ம மண்ணு இல்ல. ஒதைக்குது."

அப்புறம் ஊர் அதைத் தன் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. கால்நடை டாக்டர் பிலோமினா மாதாமாதம் வந்து குழாயை வைத்துக் கேட்டு, மற்ற எருமைகளுக்குச் சொல்வதைப் போலவே, வெயிலில் நிறுத்தாதீர்கள், உப்புக்கல் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வெண்கலம் வெயிலில் கொதிக்குமே என்று தென்னங்கீற்றில் பந்தல் போட்டார்கள், நனைந்த சாக்கை முதுகில் விரித்தார்கள். தொட்டியில் புண்ணாக்குத் தண்ணீர் வைத்தார்கள். யார் குடித்தது என்று யாரும் பார்க்கவில்லை, மறுநாள் தொட்டி காலியாக இருந்தது, அது போதும். அப்பன் யார் என்பதில் மட்டும் கொஞ்சநாள் சண்டை நடந்தது. மேலத்தெருக் கடா மார்கழி முழுக்க அங்கேயே உரசிக்கொண்டு நின்றது என்று மேலத்தெருவும், கீழத்தெருக் கடாதான் கயிற்றை அறுத்துக்கொண்டு திரிந்தது என்று கீழத்தெருவும் பெருமைக்கு அடித்துக்கொண்டன. இன்சூரன்சுக்காரர் காதில் வில்லை மாட்ட வந்து, ஊசி வளைந்து, நூல் கட்டித் தொங்கவிட்டுப் போனார். கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தைச் செனையெருமை ஸ்டாப் என்றே கூவினார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் வந்து முதுகோடு முதுகு சாய்ந்து இளைப்பாறினார்கள், கதகதவென்று இருக்கிறது, இடுப்புவலிக்கு நல்லது என்றார்கள். சிலை என்று சொல்வதை ஊர் மறந்தே போயிற்று. வெண்கலாத்தாள் என்று யாரோ வைத்த பெயர், அவள் பிறந்தபோதே வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது.

நிறைமாதம் நெருங்கியபோது கட்டுச்சோறு போட வேண்டும் என்றார்கள் பெண்கள். கட்டுச்சோறு என்றால் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தாய்வீட்டிலிருந்து வர வேண்டும். வெண்கலாத்தாளுக்குத் தாய்வீடு எது? மயிலாத்தாள் போன் செய்தாள். "அம்மிணி, நீதான் கொண்டாரோணும். வெறுங்கையோட வந்துராத, சம்மந்திக மாதிரி நாங்க குத்தம் சொல்லுவோம்."

கல்யாணம் செய்துகொள்ளாத சம்பூரணத்தை அதுவரை யாரும் ஒரு தாய்வீடாக நினைத்ததில்லை. புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று அண்டா அண்டாவாக ஆக்கி, டெம்போவில் ஏற்றி, சோற்றுக்கு நடுவில் தானும் உட்கார்ந்து வந்தவள், வாசலில் ஆரத்தியோடு நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். கண்ணாடி வளையல்களைக் கோத்துக் கொம்பில் மாட்டினார்கள், நெற்றிக்கு மஞ்சள் பூசினார்கள், மாலையைக் கழுத்தில் போட்டு இன்னொன்றை இடுப்பைச் சுற்றிக் கட்டப்போன ஒரு பெண், வாலை ஒதுக்கப் பார்த்து, ஒதுங்கவில்லை என்று வாலுக்கு மேலேயே கட்டிவிட்டு வந்தாள். அதைப் பார்த்த சம்பூரணத்துக்குக் கையில் எடுத்த எள்ளுச்சோறு கையிலேயே நின்றுபோயிற்று.

அவள் எழுந்து போய் வாலுக்கும் தொடைக்கும் நடுவில் விரலை நுழைத்துத் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. வழியே இல்லை.

"என்றா கண்ணு?" என்று பின்னாலேயே வந்த மயிலாத்தாளும் விரலை விட்டுப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "மூடச் சொன்னது ஆரு?"

"மூடுனது என்ற கைதானுங்க்கா."

கன்று வெளியே வர முடியாது. வர முடியாத கன்று உள்ளேயே செத்துப்போகும், தாயையும் கொண்டுபோகும். கொட்டகை தெரிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சம்பூரணம் அங்கேயே, இலை போட்டிருந்த பந்தியிலேயே, தெய்வசிகாமணியிடம் போய், வழியைத் திறந்துவிட வேண்டும் என்றாள். அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். சொசைட்டி சொத்து, உளி வைக்க வேண்டுமென்றால் பொதுக்குழு கூட வேண்டும், மேலே இருந்து கேட்டால் எதற்காகத் திறந்தோம் என்று எழுதுவது, இதை எல்லாம் வாய்விட்டுப் பேச முடியுமா? "நேரம் வரட்டுமுங் பாத்துக்கலாம், அதுவா ஏதாச்சும் வழி பண்ணிக்கும்" என்று பாயசத்துக்குப் போய்விட்டார். சோற்றோடு டெம்போவில் வந்திருந்த ஆரோக்கியமும், இப்போது உளி வைத்தால் வயிறு இறுகியிருக்கிற இறுக்கத்தில் விரிசல் ஓடிவிடும், வலி வந்து உடம்பு இளகினால்தான் வெட்டுக் கொடுக்கும் என்றார். எனவே சம்பூரணம் கோயமுத்தூருக்குத் திரும்பவில்லை. உளிப்பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மயிலாத்தாள் வீட்டிலேயே தங்கினாள். ஆரோக்கியம் அறுக்கிற மிஷினோடு சொசைட்டித் திண்ணையில் படுத்துக்கொண்டார்.

வலி காலையில் பால் நேரத்தில் வந்தது. வரிசை ரோடு வரைக்கும் நின்றது. முதலில் வெண்கலாத்தாளின் உடம்பில் முத்து முத்தாக வியர்த்தது, பிறகு முதுகில் விரித்திருந்த சாக்கு ஆவி விட்டது, பிறகு வார்த்த நாளிலிருந்து தொடையோடு ஒட்டிக்கிடந்த வால் முனகிக்கொண்டு மெல்ல மேலே எழும்பியது. எல்லோரும் பார்த்தார்கள். வாலுக்கடியில் பித்தளைத் தட்டின் அடிப்பாகம் மாதிரி மொழுமொழுவென்று ஒன்றுமே இல்லாமல் இருந்தது. கேன்களைக் கீழே வைக்கிற சத்தம் வரிசை நெடுகக் கேட்டது. அப்போது வெண்கலாத்தாள் கத்தினாள். அந்தக் கத்தல் சொசைட்டியின் தகரக் கூரையில் பட்டு, ரோட்டில் போன பஸ்ஸை நிறுத்தி, ஊரில் கட்டியிருந்த எருமைகளையெல்லாம் ஒன்றாகப் பதில் கத்த வைத்தது.

டாக்டர் பிலோமினா கையுறையை மாட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கன்னு சரியாத்தான் திரும்பியிருக்கு. வழிதான் வேணும். சீக்கிரம்."

ஆரோக்கியம் அறுக்கிற மிஷினை எடுத்தார். "வேண்டாங்ண்ணா" என்றாள் சம்பூரணம். "அது வெட்டுனா ஓட்டைதான் வரும். ஓட்டை போதாது." உளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் மண்டி போட்டாள். வால் கனம் தாங்காமல் இறங்கி இறங்கி அவள் தலையில் இடித்தது. "ஆராச்சும் இதைத் தூக்கிப் புடிங்க!" என்று அவள் கத்த, ஆண்களெல்லாம் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்கள், தெய்வசிகாமணி வாசல்படியில் நின்று போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். வெண்கலாத்தாள் இரண்டாம் முறை கத்தினாள். மாடு வளர்த்தவன் எவனும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியாது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கொதிக்கிற வாலை இரண்டு கையாலும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"வெட்டுங் அம்மிணி" என்றார். "நல்லாப் பாத்து, இருக்கோணும்கிற மாதிரியே வெட்டுங்."

சம்பூரணம் கண்ணை மூடிக்கொண்டாள். உளி இறங்கியது, சுருள் சுருளாகத் துகள் விழுந்தது, நடந்துகொண்டிருந்த வலியின் இளக்கத்தில் வெண்கலம் நல்ல மரம் மாதிரி விட்டுக்கொடுத்தது. அன்றைக்கு மெழுகில் நிரவி அழித்ததை அவள் விரல் ஒரு சுருக்கம் விடாமல் ஞாபகம் வைத்திருந்தது. சுற்றிலும் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு, "இன்னும் சித்த கீழங் கண்ணு", "ஓரம் மெலுசா வரோணும்", "அதேதான், அதேதான்" என்று ஆளுக்கொரு பக்கம் சொல்ல, பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் மதிலில் ஏறி நிற்க, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்த ஆண்களும் ஒவ்வொருவராகத் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண் எருமையின் பின்பாகம் ஒரு சிற்பியின் கையில் உருவாவதை இமைக்காமல் பார்த்தார்கள். தலைகளும் தாடைகளும் எத்தனையோ செய்த கை அது. இத்தனை அழகாக, இத்தனை உண்மையாக, எதையும் அது செய்ததில்லை என்பது சம்பூரணத்துக்குச் செய்யும்போதே தெரிந்தது, தெரிந்த சந்தோஷத்தில் அவளுக்கு நெஞ்சு விம்மியது.

உளியை எடுத்தாள். தேனும் குங்கிலியமும் கலந்த வாசனையோடு உருகிய மெழுகு கொடகொடவென்று ஊற்றியது. அதற்குப் பின்னால் இரண்டு குளம்பு, குளம்பின் மேல் வைத்த மூக்கு. மயிலாத்தாள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பிடித்தாள், டாக்டர் பிடித்தார், சம்பூரணம் பிடித்தாள், வெண்கலாத்தாள் முக்கிய அடுத்த முக்கில் கன்று மொத்தமாக வழுக்கி வந்து மூன்று பேர் மடியிலும் விழுந்தது. புது வார்ப்பின் பொன் நிறத்தில், மெழுகு சொட்டச் சொட்ட, காதுகள் இரண்டும் மடங்கி, சூடாக இருந்தது. மூச்சில்லாமல் கிடந்தது. பிறகு தும்மியது. எழுந்தது, சாய்ந்தது, எழுந்தது, சிமெண்டுத் தரையில் நாலு குளம்பும் கணீர் கணீரென்று ஒலிக்க நின்றுவிட்டது.

செம்மேட்டுப்புதூர் அப்போது போட்ட கூச்சல் அடங்கவே வெகுநேரமாயிற்று. அடங்கியதும், எந்த ஊரிலும் எந்தக் கொட்டகையிலும் கேட்கிற அந்த முதல் கேள்வி வரிசையின் கடைசியிலிருந்து வந்தது: "ஏனுங், கெடாவா, கெடாரியா?"

தெய்வசிகாமணி தோளிலிருந்த பெரிய வாலை இறக்கிவிட்டு, ஊர் மொத்தமும் பார்க்க, மந்திரி பெயர் போட்ட கல்வெட்டுக்குப் பக்கத்தில் முட்டி போட்டுக் குனிந்து, ஈரமான சின்ன வாலைத் தூக்கி, நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமாமல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்:

"கெடாரிங்கோ!"

அதற்குள் கன்று மடியைக் கண்டுபிடித்து முட்டியது, வெண்கலாத்தாள் பால் இறக்கினாள், சம்பூரணம் மெழுகில் நனைந்த புடவையோடு தரையில் உட்கார்ந்து உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.